விமான உந்துவிசை எஜெக்டர்களில் வாயுக் கலப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஜெக்டரைப் பற்றிய பாடப்புத்தகக் கணக்கு கவர்ச்சியானது. அதை நம்பி விமானம் கட்டியவர்களின் அனுபவம் அவ்வளவு கவர்ச்சியானதல்ல. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை நிர்ணயிப்பது பெரும்பாலும் கலப்புதான் என்பதால், கீழ்க்கண்ட பதில்கள் கலப்பையே சுற்றி வருகின்றன. பாய்ம இயக்கவியலில் உந்தச் சமன்பாடு வரை படித்தவர்கள் இங்குள்ள கணக்குகளைத் தாளில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

எஜெக்டர் என்றால் என்ன?

வேகமாகப் பாயும் ஒரு தாரையை, இரு முனையும் திறந்த ஓர் உறைக்குள் செலுத்தினால், அது சுற்றியுள்ள காற்றைத் தன்னுடன் இழுத்துக்கொண்டு, அதோடு கலந்து, மறுமுனையில் ஒரே ஓட்டமாக வெளியேறும். நாசிலிலிருந்து, அதாவது தாரையை வெளிவிடும் குறுகிய வாயிலிருந்து, வருவது முதன்மைப் பாய்வு; இழுக்கப்பட்டு வருவது துணைப் பாய்வு. சுழலும் பாகம் எதுவும் இதில் இல்லை. வீட்டுக் கேஸ் அடுப்பில், பர்னருக்கு முந்தைய குழாயில் சின்ன ஜெட்டிலிருந்து பாயும் வாயு பக்கவாட்டுத் துளைகள் வழியே காற்றை இழுப்பதும் இதே வேலைதான். 1858-இல் ஹென்றி ஜிஃபார் உருவாக்கிய நீராவி இன்ஜெக்டர் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. விமானத்தில் மட்டும் நோக்கம் வேறு: அங்கே வேண்டியது கலவையோ வெற்றிடமோ அல்ல, கூடுதல் உந்துவிசை.

கூடுதலாக எரிபொருள் எதுவும் எரிக்காமல் உந்துவிசை எப்படிக் கூடும்?

உந்துவிசை என்பது உந்தத்தின் கணக்கு. எரிபொருள் கொடுப்பதோ ஆற்றல். ஒரே அளவு இயக்க ஆற்றலைச் சிறிய நிறையில் ஏற்றினால் வேகம் அதிகமாகவும் உந்தம் குறைவாகவும் கிடைக்கும். பெரிய நிறையில் பரப்பினால் வேகம் குறைந்தாலும் உந்தம் கூடும். இழப்பே இல்லாமல் நிறையை இரட்டித்தால், உந்துவிசை இரண்டின் வர்க்கமூலமாகிய 1.41 மடங்காகும். டர்போஃபேன் என்ஜினின் பெரிய விசிறி செய்வதும் இதைத்தான். விசிறி ஆற்றலைத் தண்டின் வழியே திருப்புத்திறனாகக் கடத்துகிறது. எஜெக்டர் அதைக் கொந்தளிப்பின் வழியே கடத்துகிறது. இரண்டாவது வழி மலிவானது, எடை குறைந்தது, ஆனால் வீணடிப்பது அதிகம்.

அந்தக் கூடுதல் விசை விமானத்தின் எந்தப் பாகத்தைத் தள்ளுகிறது?

உறையின் வாய் விளிம்பை. துணைப் பாய்வு வளைந்து உள்ளே நுழையும்போது, உருண்டையான அந்த விளிம்பின் மேல் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைகிறது. விமான இறக்கையின் முன்விளிம்பில் தோன்றும் உறிஞ்சுவிசையைப் போன்றே இங்கும் உறை முன்னோக்கி இழுக்கப்படுகிறது. செலவைக் குறைக்கவோ இடத்தை மிச்சப்படுத்தவோ இந்த விளிம்பைக் கூர்மையாக வெட்டிவிட்டால், காற்று அங்கே பிரிந்து, எஜெக்டரின் பயனில் பெரும்பகுதி அதோடு போய்விடும்.

எவ்வளவு கூடும் என்பதற்கு எளிய கணக்கு ஏதும் உண்டா?

உண்டு. தியோடர் வான் கார்மன் 1949-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த வகைப் பகுப்பாய்வுக்கு அடித்தளம் இட்டார். அடர்த்தி மாறாத வாயு, நிலையாக நிற்கும் விமானம், குறுக்குப் பரப்பு மாறாத உறை, சுவர் உராய்வு இல்லை, வெளிவாயில் முழுமையான கலப்பு என்று வைத்துக்கொள்வோம். உறையின் பரப்பு, முதன்மைத் தாரையின் பரப்பைப்போல் 10 மடங்கு இருக்கட்டும்.

உந்தச் சமன்பாட்டையும் நிறைச் சமன்பாட்டையும் சேர்த்துத் தீர்த்தால், துணைப் பாய்வின் நுழைவு வேகம் முதன்மை வேகத்தில் 0.298 பங்கு என்றும், கலந்து வெளியேறும் வேகம் 0.368 பங்கு என்றும் வருகிறது. முதன்மைப் பாய்வின் ஒவ்வொரு கிலோவுக்கும் 2.68 கிலோ துணைக் காற்று இழுக்கப்படுகிறது. அதே முதன்மை வாயு உறையில்லாமல் நேராக வளிமண்டலத்திற்குள் விரிந்திருந்தால் கிடைக்கும் உந்துவிசையோடு ஒப்பிட்டால், மொத்த உந்துவிசை 1.42 மடங்கு. இந்த விகிதத்தைத்தான் பெருக்க விகிதம் என்கிறோம்.

இதே கணக்கில் ஆற்றலையும் பாருங்கள். உள்ளே வந்த இயந்திர ஆற்றலில் ஏறத்தாழ 55 சதவீதம்தான் வெளியேறும் ஓட்டத்தில் இயக்க ஆற்றலாக எஞ்சுகிறது. மீதி 45 சதவீதம் கலப்பின்போதே வெப்பமாகிவிடுகிறது. இவ்வளவு இழந்த பிறகும் உந்துவிசை 42 சதவீதம் கூடியிருப்பதுதான் எஜெக்டரின் வியப்பு. இழப்பே இல்லாமல் அதே நிறையைத் தள்ள முடிந்திருந்தால் விகிதம் 1.92 ஆகியிருக்கும். வெவ்வேறு வேகமுள்ள இரு ஓட்டங்கள் கலக்கும்போது அந்த வேக வேறுபாட்டின் வர்க்கத்திற்கு ஏற்ப ஆற்றல் அழிவது தவிர்க்க முடியாதது. திறமையான வடிவமைப்பாலும் அதை மீட்க இயலாது.

உறையைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் இந்த எளிய மாதிரியில் விகிதம் 2-ஐ நெருங்கும். ஆனால் அந்த 2 தாளில் மட்டுமே உண்டு. பரப்பை 20 மடங்காக்கினாலும் கிடைப்பது 1.54 தான்; அவ்வளவு பெரிய பெட்டியை எந்த இறக்கைக்குள்ளும் அடக்க முடியாது.

வெளிவாயில் கலப்பு முழுமையாகாவிட்டால் என்ன இழப்பு?

இந்தக் கேள்விக்கு ஒரு தவறான பதில் வெகு எளிதாக வாயில் வந்துவிடும். ஒரே நிறை சீரற்ற வேகத்தில் வெளியேறினால், சீரான வேகத்தில் வெளியேறுவதைவிட அதன் உந்தம் அதிகம். எனவே அரைகுறைக் கலப்பு நல்லதுதானே என்று சிலர் வாதிடுவதுண்டு. நிறை மாறாது என்றால் அந்த வாதம் சரி. ஆனால் நிறை மாறுகிறது.

உறைக்குள் கலப்பு முன்னேற முன்னேற அழுத்தம் உயர்ந்து, வெளிவாயில் வளிமண்டல அழுத்தத்தை எட்டுகிறது. வெளி அழுத்தம் நிர்ணயிக்கப்பட்டுவிட்டதால், உள்ளே எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவுக்கு நுழைவாயில் அழுத்தம் தாழ்ந்திருக்கும். அந்தத் தாழ்வே துணைக் காற்றை இழுக்கிறது. கலப்பு பாதியில் நின்றால் அழுத்த உயர்வும் பாதியில் நிற்கும், நுழைவாயில் உறிஞ்சல் தளரும், துணைப் பாய்வு குறையும்.

வெளிவாய் வேகப் பரவல் எவ்வளவு சீரற்றது என்பதை ஒரே எண்ணில் சொல்ல உந்தத் திருத்தக் காரணி பயன்படுகிறது; முற்றிலும் சீரான ஓட்டத்திற்கு அது 1. மேலே கண்ட அதே கணக்கில் அந்தக் காரணியை 1.2 என்று வைத்து மீண்டும் தீர்த்தால், துணை நிறை 2.68-லிருந்து 2.22-ஆகவும், பெருக்க விகிதம் 1.42-லிருந்து 1.28-ஆகவும் இறங்குகிறது. சீரின்மை கொடுத்த கூடுதல் உந்தத்தையும் சேர்த்துக்கொண்ட பிறகு வரும் எண் இது. கிடைத்திருக்க வேண்டிய ஆதாயத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. சுவர் உராய்வு, நுழைவு இழப்பு எதையும் நாம் இன்னும் தொடவே இல்லை.

அமுங்கும் வாயுக்களின் கலப்பில் தனிப்பட்ட சிக்கல் என்ன?

வேகம் கூடும்போது கலப்பு மந்தமாகிறது என்பதே சிக்கல். வேக வேறுபாடு அதிகமானால் கொந்தளிப்பும் கலப்பும் அதிகமாகும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஒலிவேகத்திற்கு வெகு கீழே அது உண்மையும்கூட. ஒலிவேகத்தை ஒட்டியும் அதற்கு மேலும், இரு ஓட்டங்களுக்கு இடையிலுள்ள கலப்புப் படலம் தடிக்கும் விகிதம் கணிசமாகக் குறைகிறது.

சூடான, மெல்லிய வாயுவும் குளிர்ந்த, அடர்ந்த வாயுவும் சந்திப்பதால்தான் இப்படி ஆகிறது என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பிரவுன், ரோஷ்கோ இருவரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வு, மெதுவான ஓட்டங்களில் அடர்த்தி வேறுபாட்டின் விளைவு ஒப்பளவில் சிறியது என்று காட்டியது. ஆக, குறைவுக்குக் காரணம் அமுங்குதன்மையே என்று தெளிவாயிற்று. கலப்புப் படலத்தில் பெரிய உருளைச் சுழல்கள் ஒழுங்காக அணிவகுத்துச் செல்வதையும் அதே ஆய்வின் நிழற்படங்கள் காட்டின. பின்னர் 1988-இல் பாப்பமோஸ்கோ, ரோஷ்கோ இருவரும், அந்தப் பெரிய சுழல்களோடு கூடவே நகரும் பார்வையாளருக்குத் தெரியும் மாக் எண்ணை (ஓட்ட வேகத்தை ஒலிவேகத்தால் வகுத்தது) கொண்டு அளவீடுகளை ஒரே வளைகோட்டில் அடுக்க முடியும் என்று நிறுவினர். கன்வெக்டிவ் மாக் எண் எனப்படும் அதைக் கணக்கிடுவது எளிது: தன்வெப்ப விகிதம் ஏறத்தாழச் சமமாக உள்ள இரு வாயுக்களுக்கு, வேக வேறுபாட்டை இரு ஒலிவேகங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் போதும். இந்த எண் 1-ஐத் தாண்டும் நிலையில், தடிப்பு விகிதம் அமுங்காத ஓட்டத்தில் இருந்திருக்கக்கூடியதில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுவதை அவர்களுடைய சோதனைகள் காட்டின.

எஜெக்டருக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். முதன்மைத் தாரை விநாடிக்கு 600 மீட்டர் வேகத்திலும் 700 கெல்வின் வெப்பநிலையிலும் பாய்கிறது. அதில் ஒலிவேகம் ஏறத்தாழ 517 மீட்டர். துணைக் காற்று 100 மீட்டர் வேகம். அதில் ஒலிவேகம் 335 மீட்டர். எண் சுமார் 0.6 வருகிறது, சரிவு தொடங்கிவிட்ட இடம் இது. மீயொலி விமானத்தின் என்ஜினைப்போல் தாரை 800 மீட்டர் வேகத்தில், 600 கெல்வினில் பாய்ந்தால் எண் 0.86 ஆகிறது, தடிப்பு விகிதம் ஏறத்தாழப் பாதியோ அதற்கும் கீழோ ஆகிவிடும். உறையின் நீளமோ அப்படியே இருக்கிறது.

ஏன் மந்தமாகிறது? இயற்பியல் காரணம் என்ன?

ஒரு சுழலின் ஒரு பக்கத்தில் ஏற்படும் அழுத்த மாற்றம் மறுபக்கத்தை எட்டுவது ஒலிவேகத்தில்தான். சுழல் புரண்டு முடிவதற்குள் அந்தச் செய்தி போய்ச் சேராவிட்டால், அதன் பாகங்கள் ஒருங்கிணைந்து செயல்பட முடியாது. கொந்தளிப்பின் ஆற்றலை ஓட்டத் திசையிலிருந்து குறுக்குத் திசைக்குப் பங்கிட்டுத் தருவது அழுத்த ஏற்ற இறக்கங்களே; அவை வலுவிழந்தால் குறுக்கு அலைவும் அதோடு கலப்பும் வலுவிழக்கும். கன்வெக்டிவ் மாக் எண் சுமார் 0.6-ஐத் தாண்டும்போது உருளைச் சுழல்களின் நேர்த்தியான அணிவகுப்பும் கலைந்து, சாய்வான, முப்பரிமாண அமைப்புகள் மேலோங்குகின்றன.

அப்படியானால் உறையை நீளமாக்கிவிடலாமே?

ஒற்றை வட்ட நாசில் என்றால், தாரையின் உட்கரு கலையவே நாசில் விட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கு தொலைவு வேண்டும். சுவர் வரை கலந்து முடிய உறை விட்டத்தைப்போல் பல மடங்கு நீளம் வேண்டும். ஆய்வகத்தில் அது எளிது. விமானத்தில் நீளம் என்பது எடை, உராய்வு, இடம் ஆகிய மூன்றும்.

எனவே நீளத்தைக் கூட்டுவதற்குப் பதிலாகக் கலக்க வேண்டிய தூரத்தைக் குறைக்கிறார்கள். ஒரே தாரையைப் பல சிறு தாரைகளாகப் பிரிப்பது ஒரு வழி. நாசிலின் விளிம்பைப் பூவிதழ்போல் மடித்து, சூடான வாயுவும் குளிர்ந்த காற்றும் மாறி மாறி அடுக்காக வரச் செய்வது இன்னொரு வழி. இந்த மடிப்புகள் இரு ஓட்டங்களின் தொடுபரப்பைப் பெருக்குவதோடு, ஓட்டத் திசையில் அச்சு கொண்ட சுழல்களையும் உண்டாக்குகின்றன. அமுங்குதன்மை இச்சுழல்களை உருளைச் சுழல்கள் அளவுக்குப் பாதிப்பதில்லை என்பதால் உயர்வேக எஜெக்டர்களில் இவற்றுக்குத் தனி மதிப்பு. மூன்றாவதாக, நீள்பிளவு நாசிலின் அடுத்தடுத்த துண்டுகளை ஒன்றை மேலும் மற்றொன்றைக் கீழும் சாய்த்துவிடும் ஹைப்பர்மிக்சிங் நாசில். எல்லாவற்றுக்கும் விலை உண்டு: மடிப்பு ஒவ்வொன்றும் முதன்மை வாயுவின் மொத்த அழுத்தத்தில் ஒரு பங்கைத் தின்கிறது.

துணைப் பாய்வு ஒரு கட்டத்துக்கு மேல் கூடாமல் நின்றுவிடுவது ஏன்?

முதன்மை அழுத்தம் மிக அதிகமானால், மீயொலித் தாரை நாசிலை விட்டு வெளியே வந்ததும் பருத்துவிடும். பருத்த தாரைக்கும் உறைச் சுவருக்கும் இடையில் துணைக் காற்றுக்கு எஞ்சியிருக்கும் இடைவெளி ஒரு கழுத்தைப்போல் குறுகி, அங்கே துணைக் காற்று ஒலிவேகத்தை எட்டி அடைபட்டுவிடும். ஃபாப்ரி, சீஸ்ட்ரங்க் இருவரும் 1958-இல் இதை விரிவாக ஆராய்ந்ததால் ஃபாப்ரி அடைப்பு என்றே பெயர் நிலைத்துவிட்டது. இதற்குப் பிறகு கலப்பை எவ்வளவு மேம்படுத்தினாலும் துணை நிறை கூடாது.

முதன்மை வாயு சூடாக இருப்பது நல்லதா, கெட்டதா?

பெருக்க விகிதத்திற்குக் கெட்டது. கலப்பில் உந்தம் மட்டுமல்லாமல் வெப்பமும் கைமாறுகிறது. குளிர்ந்த காற்று உறைக்குள் சூடேறி விரிவதால், அதே பரப்பில் அதே நிறையைக் கடத்த வேகம் கூட வேண்டியிருக்கிறது. அதனால் உறைக்குள் கிடைக்க வேண்டிய அழுத்த உயர்வு குறைகிறது, இழுக்கப்படும் காற்றும் குறைகிறது. குளிர்ந்த காற்றைக் கொண்டு ஆய்வகத்தில் அளந்த எண்ணைச் சூடான என்ஜினுக்கு அப்படியே எடுத்துச் செல்லக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

டிஃப்யூசர் சேர்த்தால்?

பயனுண்டு. கலப்புக்குப் பின் உறையை மெல்ல விரித்தால், உள்ளே அழுத்தம் இன்னும் தாழ்ந்து இழுப்பு வலுக்கும். ஆனால் கலப்பு முடியாத ஓட்டத்தில் சுவரோரக் காற்று மெதுவாக இருப்பதால், அது எளிதில் பிரிந்துவிடும். சுவரையொட்டி மெல்லிய தாரையை ஊதி, கோவாண்டா விளைவால் (தாரை அருகிலுள்ள பரப்பை ஒட்டியே ஓடும் இயல்பு) ஓட்டத்தை ஒட்டவைப்பது வழக்கமான தீர்வு.

விமானம் வேகமெடுக்கும்போது ஆதாயம் நிலைக்குமா?

பொதுவாக நிலைக்காது. நின்ற நிலையில் துணைக் காற்று உந்தமே இல்லாமல் வருகிறது. பறக்கும்போதோ அது பறக்கும் வேகத்திலேயே உள்ளே வருகிறது, அந்த உள்வரும் உந்தத்தை உந்துவிசையிலிருந்து கழித்தாக வேண்டும். இழுக்கும் நிறை எவ்வளவு அதிகமோ கழிவும் அவ்வளவு அதிகம். கலந்த ஓட்டம் ஒலிவேகத்திற்கு மேலேயே இருக்கும் இன்னொரு தீர்வு உந்தச் சமன்பாட்டில் உண்டு. அதைக் கொண்டு அதிவேகத்திலும் ஆதாயம் பெறலாம் என்று ஆல்பெரின், வூ இருவரும் 1980-களில் வாதிட்டனர். கணிதத்தில் குறையில்லை, அந்தத் தீர்வை உறைக்குள் நிலைநிறுத்துவதுதான் பாடு.

எஜெக்டரை நம்பிச் செங்குத்தாக எழ முயன்ற விமானங்கள் என்ன ஆயின?

லாக்ஹீட் நிறுவனத்தின் எக்ஸ்வி-4ஏ ஹம்மிங்பேர்ட் 1962-இல் முதன்முதலாகப் பறந்தது. இரு என்ஜின்களின் வெளியேற்றமும் உடற்பகுதிக்குள் இருந்த எஜெக்டர் அறைக்குத் திருப்பப்பட்டது. மேலும் கீழும் கதவுகள். இரு என்ஜின்களின் உந்துவிசையைக் கூட்டினாலும் விமானத்தின் 7,200 பவுண்டு எடையைத் தொடாது என்பதால், எழும்புவதற்கே எஜெக்டரின் ஆதாயம் தேவைப்பட்டது. 1964-இல் அது விபத்தில் சிக்கியது. பின்னர் எக்ஸ்வி-4பி என மாற்றிக் கட்டப்பட்ட விமானத்தில் எஜெக்டரையே நீக்கிவிட்டு, நேராகக் கீழ்நோக்கி ஊதும் தூக்கு என்ஜின்களைப் பொருத்தினார்கள். இதைவிட வெளிப்படையான தீர்ப்பு வேறில்லை.

அமெரிக்கக் கடற்படைக்காக ராக்வெல் கட்டிய எக்ஸ்எஃப்வி-12ஏ இன்னும் துணிச்சலானது. என்ஜினின் வெளியேற்றம் முழுவதையும் குழாய்கள் வழியே இறக்கையிலும் முன்னுள்ள கனார்ட் சிற்றிறக்கையிலும் இருந்த எஜெக்டர் மடல்களுக்கு அனுப்பினார்கள். ஆய்வக மாதிரிகளை வைத்து 55 சதவீத ஆதாயம் எதிர்பார்க்கப்பட்டது. 1978-இல் நாசாவின் லாங்லி மையத்தில், அப்பல்லோ வீரர்களின் நிலவிறங்கும் பயிற்சிக்குக் கட்டிய பெரிய சட்டகத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுச் சோதித்தபோது, இறக்கையில் 19 சதவீதமும் கனார்டில் 6 சதவீதமும்தான் கிடைத்தது. விமான எடையில் முக்கால் பங்கைத்தான் தூக்க முடிந்தது. 1981-இல் திட்டம் கைவிடப்பட்டது.

கலப்பை மட்டும் இதற்குக் குற்றம் சொல்ல முடியாது. வளைந்து நெளியும் குழாய்களில் மொத்த அழுத்தம் முதலிலேயே கரைந்துவிடுகிறது: குழாயில் 10 சதவீதம் உந்துவிசை போனால், 1.42 என்ற விகிதம் நடைமுறையில் 1.28 ஆகிவிடும். எந்த அறிக்கையைப் படித்தாலும், பெருக்க விகிதத்தில் வகுக்கும் எண்ணாக இருப்பது என்ஜின் நேராக ஊதியிருந்தால் கிடைத்திருக்கும் உந்துவிசையா, குழாயின் முடிவில் எஞ்சியதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவதை வைத்துச் சொல்லும் எண் எப்போதும் அழகாக இருக்கும்.

எஜெக்டர் உருப்படியாகப் பயன்பட்ட இடம் உண்டா?

உண்டு, அவை எல்லாமே எஜெக்டரிடம் அளவாகக் கேட்ட இடங்கள். டி ஹாவிலாண்ட் கனடாவின் ஆக்மென்டர் விங் கருத்தைச் சோதிக்க, நாசா மாற்றியமைத்த பஃபலோ விமானம் 1972 மே 1 அன்று பறந்தது. அதன் ஸ்பே என்ஜின்களின் குளிர்ந்த பைபாஸ் காற்று (எரியறைக்குள் போகாமல் சுற்றிச் செல்வது) மட்டும் இறக்கை மடலுக்குள் ஊதப்பட்டது; சூடான வாயு, சுழலும் நாசில்கள் வழியே தனியாக வெளியேறியது. ஒரு என்ஜின் நின்றாலும் விமானம் பக்கவாட்டில் சாயாதிருக்க, காற்றுக் குழாய்கள் எதிர்ப்பக்க இறக்கைக்கும் போயின. இங்கே தாரை குளிர்ந்தது, எஜெக்டர் முழு எடையையும் தூக்க வேண்டியதில்லை, குறுகிய ஓடுபாதையில் இறங்க இறக்கைக்குத் துணை செய்தால் போதும்.

எஸ்ஆர்-71 உளவு விமானத்தின் வெளியேற்றமும் ஓர் எஜெக்டர் நாசில்தான். என்ஜினைச் சுற்றி வந்து அதைக் குளிர்வித்த காற்று, பின்னால் முதன்மைத் தாரையைச் சூழ்ந்து ஓடியது. குறைந்த வேகத்தில் பக்கக் கதவுகள் திறந்து கூடுதல் காற்றை உள்ளே விட்டன. நாசிலின் வெளிவாய், பறக்கும் வேகத்துக்குத் தக்கபடி தானாகவே பரப்பைச் சரிசெய்துகொள்ள இந்தத் துணைக் காற்று மெத்தை உதவியது. இங்கே முழுக் கலப்பை யாரும் நாடவில்லை.

இரைச்சலைக் குறைக்க இது உதவுமா?

உதவும். லைட்ஹில் 1952-இல் காட்டியபடி, தாரையின் ஒலித்திறன் அதன் வேகத்தின் எட்டாம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. உந்துவிசையை மாற்றாமல், பரப்பைக் கூட்டி வேகத்தை 10 சதவீதம் குறைத்தாலே ஏறத்தாழ 2.7 டெசிபல் குறையும். 1990-களில் நாசா மீயொலிப் பயணிகள் விமானத்துக்காக மிக்சர்-எஜெக்டர் நாசில்களில் உழைத்ததன் நோக்கம் இதுவே. இங்கும் கலப்பு உறைக்குள்ளேயே முடிந்தாக வேண்டும். முடியாமல் வெளியே வரும் வேகமான கரு தன் இரைச்சலையும் கூடவே கொண்டுவரும்.

கணினி உருவகிப்பு இந்தக் கலப்பைச் சரியாகக் கணிக்குமா?

எச்சரிக்கையோடு கையாண்டால் கணிக்கும். கொந்தளிப்பைக் கணிக்கும் வழக்கமான கே-எப்சிலான் மாதிரிக்கு அமுங்குதன்மையின் மந்தம் தானாகத் தெரியாது. எனவே மீயொலித் தாரைகளில் உள்ளதைவிட வேகமான கலப்பைக் காட்டும். எஜெக்டரைப் பொறுத்தவரை இது ஆபத்தான பக்கத்தில் விழும் பிழை, ஏனெனில் உறை போதிய நீளமுடையது என்று நம்பவைத்துவிடும். 1990-ஐ ஒட்டி ஸீமன், சர்க்கார் ஆகியோர் முன்வைத்த திருத்தங்கள், கொந்தளிப்பு ஆற்றல் கூடுதலாக அழிவதாகக் கொண்டு விடையைச் சரிக்கட்டின. பின்வந்த நேரடி எண் உருவகிப்புகள், உண்மைக் காரணம் அந்தக் கூடுதல் அழிவல்ல, மேலே சொன்ன அழுத்த ஏற்ற இறக்கங்களின் தளர்ச்சியே என்று காட்டின. திருத்தம் தவறான காரணத்தால் சரியான விடைக்கு அருகில் வருகிறது; அளவீடு செய்யப்பட்ட எல்லைக்கு வெளியே அதை நம்பாதிருப்பது நல்லது.

கல்லூரி ஆய்வகத்தில் சோதிக்க எதை அளக்க வேண்டும்?

அமுக்கிய காற்று, ஒரு நாசில், வட்ட விளிம்புள்ள ஒரு குழாய் ஆகியவை போதும். உறைச் சுவரில் வரிசையாகத் துளையிட்டு நிலை அழுத்தத்தைப் பதியுங்கள். வெளிவாயில் பிட்டோ குழாயை (ஓட்டத்தை எதிர்நோக்கி அழுத்தத்தை அளக்கும் மெல்லிய குழாய்) குறுக்காக நகர்த்தி வேகப் பரவலை எடுத்து, உந்தத் திருத்தக் காரணியைக் கணக்கிடுங்கள். சுவர் அழுத்தம் வெளிவாயை எட்டும் முன்பே தட்டையாகிவிட்டால் கலப்பு முடிந்துவிட்டது, அதற்கு மேலுள்ள நீளம் உராய்வுக்கே போகிறது. வெளிவாய் வரை ஏறிக்கொண்டே இருந்தால் உறை இன்னும் நீளமாக இருந்திருக்கலாம். நாசிலையும் உறையையும் ஒரே தராசில் ஏற்றாமல் தனித்தனியே தாங்கி அளந்தால், கூடுதல் விசை முழுவதும் உறையின் மேல் விழுவதையும், உறைக்குள் தாழ்ந்த அழுத்தத்துக்குள் ஊதும் நாசிலில் பாயும் நிறை சற்றே மாறுவதையும் சேர்த்தே பார்க்கலாம்.